காயாத இழை

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து இருங்கள், பிள்ளைகளே. தலை ஈரமாக இருக்கிறவர்கள் முதலில் துவட்டிக்கொண்டு வாருங்கள். இது காய்ந்த தலையோடு கேட்க வேண்டிய கதை. பயம் வந்தால் பக்கத்தில் இருக்கிறவரின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். சும்மா தொடாமல், இறுக்கிப் பிடியுங்கள். மன்னார்த் தீவில், கீரி என்கிற ஊரில், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்லப் போகிறேன்.

ஆடி மாதம். சோளகக் காற்று எப்படி வீசும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. கொடியில் போட்ட சேலை திரும்பிப் பார்ப்பதற்குள் காய்ந்து மட்டைபோல் விறைத்துவிடும், உதடு வெடிக்கும், பனையோலைகள் பகல் முழுவதும் ஒன்றையொன்று சுரண்டிக்கொண்டே இருக்கும், தெருவில் திரியும் கழுதைகள்கூடச் சுவர் மறைவு தேடிக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும். அப்படிப்பட்ட ஒரு பின்னேரத்தில், அமிர்தநாயகத்தின் முன்னறை மேசையில் இருந்த முள் ஒன்று மட்டும் ‘நனைந்தது’ என்று சொல்லிக்கொண்டிருந்தது.

மேசையில் இருந்தவை இரண்டு ஈரமானிகள். காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று காட்டுகிற பழங்காலக் கருவிகள். பித்தளைச் சட்டம், கண்ணாடி முகப்பு; ஒரே பட்டறையில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள் போல இருந்தன. முகப்பிலே இலக்கங்கள் தேய்ந்து போய், ஓரத்துக்கு ஒன்றாக இரண்டு சொற்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. ஜேர்மன் எழுத்து. ஒன்று ‘காய்ந்தது’, மற்றது ‘நனைந்தது’ என்று கைத்தொலைபேசிதான் மொழிபெயர்த்துச் சொன்னது.

முதலாவது கருவியின் முள் காய்ந்ததிலே நின்றது. அது சரி. இரண்டாவதன் முள் நனைந்ததிலே நின்றது. அமிர்தநாயகம் நகத்தால் கண்ணாடியைத் தட்டினார். முள் நடுங்கியது, சிறிது விலகியது, பிறகு யாரோ கூப்பிட்டதுபோல மெல்ல மெல்லப் பழைய இடத்துக்கே போய் நின்றுகொண்டது. சிக்கிக்கொண்ட முள் அப்படிப் போகாது.

அவர் நில அளவைக் கந்தோரில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகுதான் இந்த ஏலப் பைத்தியம் பிடித்தது. கைத்தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு, முகம் தெரியாத வெளிநாட்டுக்காரர்களோடு விலை கேட்டுப் போட்டி போடுவார். ஏலம் முடியப்போகிற கடைசி நொடிகளில் அவருடைய மூச்சு நின்றுவிடும். பிறகு வாரக்கணக்கில் காத்திருப்பு. தபாற் கந்தோரில் இருந்து பெட்டி வரும். திறந்தால் மரச்சீவல், பழைய புதினத்தாள், யாரோ செத்துப் போனவருடைய வீட்டு வாசனை. இப்படியே காற்றின் பாரத்தைக் காட்டும் கருவி ஒன்று, கப்பல் திசைகாட்டி ஒன்று, கடலின் ஆழம் பார்க்கும் ஈயக் குண்டு ஒன்று என்று அலுமாரி நிறைந்துவிட்டது.

பக்கத்து வீட்டுச் செபஸ்தியம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொல்லுவார்: “தம்பி அமிர்தம், பழைய இரும்பு எடுக்கிற லொறி வருது. மறிக்கட்டோ?”

மனைவி ஜெனிற்றாவும் விடமாட்டாள். இந்த ஈரமானிச் சோடி வந்த அன்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்று பார்த்தாள்.

“போன மாசம் காத்து எவ்வளவு பாரம் எண்டு பாக்க ஒண்டு. இப்ப காத்திலை தண்ணி இருக்கோ எண்டு பாக்க ரெண்டு. மன்னாரிலை வெக்கையாய்க் கிடக்கு எண்டு சொல்ல ஜேர்மன்காரன் வேணுமோ, இஞ்சாருங்கோ?”

“சோடியாய்த்தான் வித்தவன், ஜெனி. மலிவு.”

“என்ன பழுது?”

“முடி இல்லையாம்.”

அவள் சிரித்தாள். அவரும் முதலில் மொழிபெயர்ப்புப் பிழை என்றுதான் நினைத்தார். பிழையில்லை, பிள்ளைகளே. அந்தக் கருவிகளுக்குள்ளே ஓடுவது ஒரு மனிதத் தலைமுடி. ஒரே ஒரு இழை. ஈரம் பட்டால் முடி நீளும், காய்ந்தால் சுருங்கும். அது இழுக்கிற பக்கம் முள் போகும். அவ்வளவுதான் சூட்சுமம். முடியில் எண்ணெய்ப் பசை மட்டும் இருக்கக்கூடாது. இருந்தால் ஈரம் பிடிக்காது, முள் பொய் சொல்லும்.

முதலாவது கருவிக்கு ஜெனிற்றாவின் சீப்பில் இருந்து ஒரு முடியை எடுத்துக் கட்டினார். நல்லாக வேலை செய்தது. அவள் தலைக்கு எண்ணெய் வைப்பதை விட்டுப் பதினேழு வருடம் ஆகியிருந்தது.

இரண்டாவதற்கும் அவளுடைய முடியைத்தான் கட்டப் பார்த்தார். நரை முடி, தொட்டதும் அறுந்தது. வேறொன்று எடுத்தார். அதுவும் அறுந்தது. சின்னப் பிள்ளையின் முடிதான் இதற்குத் திறம் என்று எங்கோ வாசித்திருந்தார். சின்னப் பிள்ளையின் முடி அந்த வீட்டில் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். மாதா சுரூபத்துக்குப் பின்னால், ஒரு பவுடர்ப் பேணிக்குள், சிவப்பு நாடாவோடு.

அது எப்படி அங்கே வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மனதைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள்.

சண்டை திரும்பத் தொடங்கிய காலம். அப்போது அவர்கள் இதே தீவில், பேசாலை என்கிற ஊரில் இருந்தார்கள். ஒரே பிள்ளை, பிரேமினி, எட்டு வயது. இந்தியாவுக்குப் போய்விடலாம் என்று ஒரு வள்ளத்தில் ஏறினார்கள். ஏறுவதற்கு முன் ஜெனிற்றா பிள்ளையை முன்னால் இருத்தி, வெந்தயமும் கறிவேப்பிலையும் போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெயைத் தலை சொட்டச் சொட்ட வைத்து, இறுக்கி ஒற்றைப் பின்னலாகப் பின்னிச் சிவப்பு நாடா கட்டிவிட்டாள். கடற்காற்றில் தலை சிக்குப்படாமல் இருக்க வேண்டுமே. எந்தத் தாயும் செய்வதுதான்.

நடு இருட்டில் வள்ளக்காரன் வள்ளத்தை நிறுத்தினான்.

“இறங்குங்கோ, இறங்குங்கோ. இதுதான் இந்தியா. அந்தா வெளிச்சம் தெரியுது. நேரை நடந்தால் ரோட்டு வரும்.”

வள்ளம் திரும்பிப் போய்விட்டது. காலுக்குக் கீழே இந்தியா இல்லை. தீடை. இரண்டு நாட்டுக்கும் நடுவே கடலில் கிடக்கிற மணல் மேடுகளில் ஒன்று. தண்ணீர் ஏறினால் இருந்த இடமே தெரியாது. அமிர்தநாயகம் அந்தத் தீடைகளைத் தன் கையால் எத்தனையோ தரம் வரைபடத்தில் வைத்தவர். முழுக்கோடு போடுவதில்லை, புள்ளி புள்ளியாகத்தான் வைப்பார். எப்போதும் இருக்காத நிலம் என்று அதற்கு அர்த்தம். வள்ளத்தில் வந்த அத்தனை பேரிலும் அவருக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் தூரத்தில் வெளிச்சம் தெரிந்தது. நம்பவேண்டும் போல இருந்தது. நம்பினார். காணி உறுதியும் சான்றிதழ்களும் இருந்த பையைத் தலையில் வைத்துக்கொண்டு, வெளிச்சத்தைப் பார்த்து முன்னால் நடந்தார்.

தண்ணீர் பின்னால் வந்தது. முழங்கால், இடுப்பு, நெஞ்சு. ஜெனிற்றாவின் கையில் இருந்து பிள்ளையின் கை நழுவியது. அவள் பாய்ந்து பின்னலைப் பிடித்தாள். எண்ணெய் சொட்டுகிற பின்னல். அது அவளுடைய பிடிக்குள்ளால், கட்டு முதல் நுனி வரை, வழுக்கிக்கொண்டு போயிற்று.

விடிய, எங்கள் பக்கத்து மீன்பிடிகாரர் இவர்களைத் தூக்கித் திரும்பக் கரை சேர்த்தார்கள். ஜெனிற்றாவின் மூடிய கையை விரல் விரலாகப் பிரித்தபோது அதற்குள் நாடாவும் சில முடிகளும் இருந்தன. அமிர்தநாயகத்தின் தலையில் பை அப்படியே இருந்தது. பை நனையவில்லை.

பிள்ளையின் உடல் கிடைக்கவே இல்லை. அதனால் ஜெனிற்றா ஒரு பிடிமானம் வைத்திருந்தாள். “பிரேதத்தைக் கண்டனீங்களோ? இல்லைத்தானே. இந்திய வள்ளம் ஏதாவது தூக்கியிருக்கும். எங்கையோ வளருறாள்.” மார்கழியில் ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் ஒரு சட்டை வாங்குவாள். ஒவ்வொரு வருடமும் அளவு கூடும். இப்போது சில வருடமாகச் சேலை. அந்தப் பிடிமானத்தில்தான் அவள் சமைத்தாள், நித்திரை கொண்டாள், சிரித்தாள். அமிர்தநாயகம் ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை. நம்பியதும் இல்லை. அவருக்கு அறிய வேண்டும் போல இருந்தது. இருக்கிறாளா இல்லையா என்று ஏதாவது ஒன்று சொல்ல வேண்டும் போல. கருவி வாங்கி வாங்கி அலுமாரியை நிறைத்ததும் அதனால்தானோ என்னவோ.

மனைவி திருப்பலிக்குப் போயிருந்த நேரம் பேணியைத் திறந்தார். ஒரே ஒரு இழை. சலவைச் சோடாவைச் சுடுதண்ணீரில் கரைத்து அதில் இட்டார். கிண்ணத்தின் மேலே ஒரு நுண்ணிய எண்ணெய்ப் படலம் மிதந்து வந்தது. வெந்தய வாசம், கறிவேப்பிலை வாசம். அந்த இரவு வைத்த எண்ணெய், பதினேழு வருடம் அந்த ஒரு இழையில் இருந்த எண்ணெய், அவருடைய கண்ணுக்கு முன்னால் கலைந்து போயிற்று. கிண்ணத்தை ஊற்ற மனமில்லாமல் வெகுநேரம் வைத்துக்கொண்டு நின்றார்.

அந்த இழைதான், பிள்ளைகளே, இந்தச் சோளகத்தில் ‘நனைந்தது’ என்று சொன்னது.

பழுது என்று நினைத்தார். கருவியைக் கழற்றிப் பூட்டினார். அரிசி மூட்டைக்குள் வைத்து எடுத்தார், சுண்ணாம்புக் கட்டியோடு பெட்டிக்குள் அடைத்தார், முற்றத்து வெயிலில் வைத்தார். முள் அசையவில்லை. பிறகு இரண்டு கருவியின் முடிகளையும் மாற்றிக் கட்டிப் பார்த்தார். அப்போது முதலாவது கருவி நனைந்ததுக்குப் போயிற்று. இரண்டாவது காய்ந்ததுக்கு வந்தது. கருவியில் பிழை இல்லை. பழையபடி மாற்றிக் கட்டினார்.

அந்தக் கிழமை ஜெனிற்றா, கடலுக்கு அப்பால் பெருநிலத்தில், முருங்கனில் இருக்கிற அக்காவைப் பார்க்கப் போனாள். மத்தியானம். வீடு வறண்டு கிடந்தது. அமிர்தநாயகம் பார்த்துக்கொண்டிருக்கையில், ஜெனிற்றாவின் முடி கட்டியிருந்த முதலாவது முள் திடீரென்று கிளம்பி நனைந்ததுக்குப் பாய்ந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு, வெயிலில் காய்கிற துணிபோல ஆறுதலாக இறங்கி வந்தது.

பின்னேரம் அவள் வந்து கதவடியில் செருப்பைக் கழற்றினாள். தலையில் சாம்பிராணி மணத்தது.

“அக்கா விட்டால்தானே! கிணத்தடியிலை இருத்தி வைச்சு, சின்னப் பிள்ளைக்கு மாதிரித் தலையிலை வாளி வாளியாய் ஊத்தினவ. ஏன் அப்பிடிப் பாக்கிறீங்கள்? பேயைக் கண்ட ஆள் மாதிரி?”

“எப்ப குளிச்சனீ?”

“மத்தியானம். ஏன், அதுக்கும் ஒரு மெசின் வாங்கப் போறீங்களோ?”

அவர் மேசையைத் திரும்பிப் பார்த்தார். வீட்டுக் கிணற்றடியில் அவள் குளிக்கும்போதும் அந்த முள் ஆடுவதை முன்பே கண்டிருந்தார். கிணற்றடி ஈரம் காற்றில் வருகிறது என்று எண்ணியிருந்தார். முருங்கன் கிணற்று ஈரம் கடல் தாண்டித் தீவுக்குள் வராது.

முடி, தான் இருக்கிற அறையைச் சொல்லவில்லை. தான் முளைத்த தலை இருக்கிற இடத்தைச் சொல்கிறது.

அப்படியென்றால் இரண்டாவது இழை.

பதினேழு வருடம். இரவும் பகலும். சோளகத்திலும் வாடையிலும். அவள் நனைந்துகொண்டே இருக்கிறாள்.

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. ஜெனிற்றா சட்டியைச் சுரண்டிக்கொண்டு, வருகிற நத்தாருக்குப் பச்சைச் சேலை வாங்கலாமா நீலம் வாங்கலாமா என்று கேட்டாள். “நீலம் வேண்டாம்,” என்று மட்டும் சொன்னார்.

சொல்லாமலே காலத்தைத் தள்ளியிருப்பார். ஆனால் ஒருநாள் காலை, கோயில் மணி அடிக்கையில், இரண்டாவது முள் தன் இடத்தில் இல்லை. நனைந்ததில் இருந்து ஒரு நூல் அளவு தள்ளி நின்றது. அடுத்த நாள் இன்னும் ஒரு நூல். அதற்கடுத்த நாள் கூட. மேசைத் துணியில், கருவிக்கு நேர் கீழே, மாவரித்ததுபோல மெல்லிய மணல் கிடந்தது. துடைத்தார். திரும்பக் கிடந்தது. கண்ணாடியின் உட்புறத்தில் உப்புப் பூத்திருந்தது. அந்த அறைக்குள் நுழையும்போதெல்லாம், யாரோ இப்போதுதான் எழும்பிப் போன கதிரையின் சூடு மாதிரி, வெந்தயமும் கறிவேப்பிலையும் சேர்ந்து காய்ச்சிய எண்ணெய் வாசம் முகத்தில் வந்து பட்டது. அந்த எண்ணெயைத்தான் அவர் கழுவி ஊற்றியிருந்தாரே.

ஜெனிற்றாவுக்கும் மணத்திருக்க வேண்டும். ஒருநாள் பேணியைக் கையில் வைத்துக்கொண்டு முன்னறை வாசலில் வந்து நின்றாள்.

“இதைத் திறந்தனீங்கள்.”

“ஓம்.”

“எத்தினை எடுத்தனீங்கள்?”

“ஒண்டு.”

“எங்கை அது?”

காட்டினார். எல்லாவற்றையும் சொன்னார். முருங்கனைச் சொன்னார். முள் நின்ற இடத்தைச் சொன்னார். அவளுடைய பிடிமானத்தை இப்படி என் வாயாலேயே உடைக்கிறேனே என்று நினைத்துக்கொண்டே சொன்னார். அவள் குழறி அழுவாள், கருவியைத் தூக்கி நிலத்தில் அடிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் குனிந்து கண்ணாடியோடு கன்னத்தை ஒட்டி வைத்தாள்.

“காயுது,” என்றாள். “இஞ்சாருங்கோ, என்ரை பிள்ளை காயுது. கரைக்கு வந்திட்டாள்.”

“ஜெனி. அது… இவ்வளவு காலம் தண்ணிக்குள்ளை கிடந்த தலை. வாறது எங்கடை பிள்ளை எண்டு…”

“நான் தலைமயிரைப் பிடிச்சனான்,” என்றாள் அவள். கோபமே இல்லாமல், மீன் விலை சொல்வதுபோலச் சொன்னாள். “நீங்கள் பையைப் பிடிச்சனீங்கள்.”

பதினேழு வருடத்தில் அவள் அதைச் சொன்னது அதுதான் முதல் தரம்.

அன்று பின்னேரமே அடுப்பில் எண்ணெய் காய்ச்சினாள். வீடு முழுவதும் மணத்தது. இப்போது எது அடுப்பில் இருந்து வருகிற வாசம், எது முன்னறையில் இருந்து வருகிறது என்று அவரால் பிரிக்க முடியவில்லை.

ஆனால் முள் பாதியில் நின்றுவிட்டது. கடல் ஏறுகிற நேரம் பின்னுக்குப் போகும். வற்றுகிற நேரம் முன்னுக்கு வரும். கரைக்கு வருகிறாள், தேடுகிறாள், திரும்பிப் போகிறாள். ஜெனிற்றா அதைப் பார்த்துப் பார்த்து விரலை நெரித்தாள்.

“அவளுக்கு வீடு தெரியேல்லை. பேசாலை வீட்டை விட்டிட்டு இஞ்சாலை வந்திட்டமே. பிள்ளை எங்கையெண்டு வருவாள்?”

ஒவ்வொரு பின்னேரமும் எண்ணெய்ப் போத்தலையும் சீப்பையும் எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய் இருந்தாள். இருட்டத் திரும்பி வந்தாள். அமிர்தநாயகம் மறித்திருக்க வேண்டும். மறிக்கவில்லை. அவர் வீட்டில் இருந்து முட்களைப் பார்த்தார். தாயின் முள் ஒன்று, மகளின் முள் ஒன்று. இரண்டும் ஒரே இடத்தில் வந்து நின்றால் இருவரும் ஒரே இடத்தில் இருக்கிறார்கள். அவருக்கு அது பயமாக இருந்தது. அதுதான் வேண்டும் போலவும் இருந்தது. செபமாலையை உருட்டிக்கொண்டு, எதை மன்றாடுகிறேன் என்று தெரியாமலே மன்றாடினார்.

ஒருநாள், இருள் கவிகிற மம்மல் பொழுது. கோயில் மணி அடித்து ஓய்ந்தது. விளக்குப் போடவில்லை. செபமாலையின் நடுவில் நிமிர்ந்து பார்த்தார்.

இரண்டு முட்களும் ஒரே சாய்வில் நின்றன.

சேர்ந்துவிட்டார்கள். கண்டுபிடித்துவிட்டாள். கதிரை பின்னால் விழ எழும்பி ஓடிப்போய்க் கதவை அகலத் திறந்தார். “ஜெனி! பிரேமினி! வாங்கோ, உள்ளை வாங்கோ!” என்று சத்தமிட்டார். முற்றத்தில் காற்று மட்டும் இருந்தது. பனையோலைச் சத்தம். வேலிப் படலையடியில் ஒரு கழுதை தலையைத் திருப்பிக் கடற்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது.

அப்போதுதான் அவர் திரும்பிவந்து, முட்கள் எந்தச் சொல்லுக்கு நேரே நிற்கின்றன என்று பார்த்தார்.

நனைந்தது. இரண்டும்.

மகள் தாயிடம் வரவில்லை. தாய் மகளிடம் போயிருந்தாள்.

கரையில் ஜெனிற்றாவின் செருப்பு இரண்டும் சோடியாக, கடலைப் பார்த்துக் கழற்றி வைத்தபடி கிடந்தன. எண்ணெய்ப் போத்தல் வெறுமையாகக் கிடந்தது. சீப்பு இல்லை. மீன்பிடிகாரர் அப்துல் றசாக்கின் வள்ளம் முதலில் போயிற்று, அதன்பின் கீரியில் இருந்த வள்ளம் எல்லாம் போயின. வெளிச்சம் பிடித்துக்கொண்டு விடியும்வரை தேடினார்கள். மறுநாளும் தேடினார்கள். றசாக் ஈரக் காலோடு முற்றத்தில் வந்து நின்று, “ஒண்டும் இல்லை, அமிர்தண்ணை,” என்று சொல்லிவிட்டு, முகத்தைப் பார்க்க முடியாமல் மணலைப் பார்த்தார்.

பிரேதப் பெட்டி இல்லாத செத்த வீடு. சனம் வந்தது, இருந்தது, போனது. செபஸ்தியம்மா மட்டும் கஞ்சி கொண்டு வந்து வந்து இருத்திப் பருக்கினார்.

“ரெண்டு வாய் குடி தம்பி. நான் கிழவி, என்ரை கை நோகுது. குடி.” பிறகு மேசையைப் பார்த்தார். “உந்தச் சனியனைத் தூக்கி எறி. இரவு பகலாய் உதையே பாத்துக்கொண்டு…”

“எறிஞ்சால் தாயும் மகளும் எங்கை எண்டு எனக்கு ஆர் அக்கா சொல்லுவினம்?”

செபஸ்தியம்மாவுக்கு விளங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனார்.

அமிர்தநாயகம் சவர அலகை எடுத்துக் கண்ணாடியைத் திறந்ததும் உண்டு. இரண்டு இழைகளையும் அறுத்துவிட்டால் முடிந்தது. ஒன்று கறுப்பு, ஒன்று நரை. கருவிக்குள் இரண்டும் மெல்லத் துடித்துக்கொண்டிருந்தன. நரை இழையின் மேல் அலகை வைத்தார். முப்பத்தைந்து வருடம் அவருக்குப் பக்கத்துத் தலையணையில் கிடந்த முடி. அலகைக் கீழே வைத்துவிட்டார்.

பிறகு ஒரு நாள் பின்னேரம், காற்று நின்றது.

சோளகம் அப்படி நிற்பதில்லை. பனையோலைகள் அடங்கின. அலையின் சத்தம் எங்கோ தூரத்துக்குப் போனதுபோல் இருந்தது. வீடு தன் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தது. அமிர்தநாயகம் மேசைக்கு முன்னால், கதவுக்கு முதுகைக் காட்டி, உள்ளங்கைகளை மடியில் விரித்து வைத்தபடி இருந்தார்.

முட்கள் அசைந்தன.

இரண்டும்.

நனைந்ததை விட்டு. மெல்ல. ஒரே வேகத்தில். ஒருவர் கையை ஒருவர் பிடித்து நடக்கிறவர்கள் மாதிரி.

இப்போது வழி தெரியும். கூட்டிக்கொண்டு வர ஆள் இருக்கிறது.

பாதி. பாதியையும் கடந்து. வழமையாகத் திரும்புகிற இடத்தில் திரும்பவில்லை.

படலைச் சங்கிலி கிலுங்கியது.

மணலில் காலடி. ஒன்று பாரமாக. ஒன்று சின்னதாக, ஓடி ஓடி எட்டிப் பிடிப்பது.

கதவு அகலத் திறந்தபடிதான் கிடந்தது. அன்றைக்குத் திறந்தவர் பிறகு சாத்தவே இல்லை.

வெந்தயம். கறிவேப்பிலை. அதற்குக் கீழே, கடற்பாசி.

முட்கள் நின்றன. அந்த அறை எவ்வளவு காய்ந்திருந்ததோ அந்த இடத்தில்.

அவர் திரும்பவில்லை.

பின்னால் பிரம்புக் கதிரை முனகியது, யாரோ அதில் வந்து இருந்தார். கதிரைக்கு முன்னால், நிலத்தில், இன்னொருவர் வந்து இருக்கிற சத்தம். சீமெந்தில் தண்ணீர் சொட்டியது. ஈரத் தலையில் சீப்பு இறங்கியது. இறங்கியது. இவ்வளவு நீளமான தலைமயிர் எந்தப் பிள்ளைக்கும் இருக்காது. சீப்பு இறங்கிக்கொண்டே இருந்தது.

“எண்ணெய் வேண்டாம், அம்மா.” எட்டு வயதுக் குரல். “வழுக்கும்.”

“பரவாயில்லை, பிள்ளை,” என்றாள் ஜெனிற்றா. “இந்தமுறை அப்பாவும் பிடிப்பார்.”

அவருடைய தோளுக்கு மேலால் ஒன்று வந்தது. குளிர்ந்தது. பாரமானது. இறுக்கிப் பின்னிய பின்னல். அது நெஞ்சால் வழிந்து, விரித்து வைத்திருந்த உள்ளங்கைக்குள் வந்து கிடந்தது. நுனியில் நாடா இல்லை. நாடா பேணிக்குள் இருந்தது.

அவர் விரல்களை மூடினார்.

மற்ற முனையில் இருந்து, கடற்பக்கமாக, அது மெல்ல இழுக்கத் தொடங்கியது.

அவர் விடவில்லை.

எழும்புங்கள் பிள்ளைகளே, விளக்குப் போடுங்கள். உங்கள் வீட்டில் இருந்து வெளியே போனவர்கள் எல்லாரும் இருட்டுவதற்கு முன் படலை திறந்து வரட்டும். படுக்கப் போகையில் எல்லாருடைய தலையும் காய்ந்திருக்கட்டும். உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் கையைப் பிடிக்கிற எந்தக் கையும் ஒருநாளும் வழுக்காமல் இருக்கட்டும்.